மலையைப் பார்க்காத கக்கூஸ்

அந்தக் காலத்தில் தண்ணீர் சுத்தம், காற்று சுத்தம், மனசு சுத்தம் என்று என் வயதுக்காரர்கள் நீங்கள் எல்லோரும் கைப்பேசியில் எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். காலையில் எழுந்தால் இதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் அந்தக் காலத்தில்தான் இருந்தேன். திருவண்ணாமலையில், பெரிய கோயிலுக்கு நாலு தெரு தள்ளி ஓர் ஓட்டு வீட்டில் வளர்ந்தேன். தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. அதைக் கெடுத்தது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுத மாட்டீர்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்குத் தெற்கே சைக்கிள் கடை பாயின் வீடு. கடைத்தெருவில் வாடகை சைக்கிள் விடும் கடை வைத்திருந்தார். அவர் மனைவியைத் தெருவே பாயம்மா என்றுதான் கூப்பிடும். அவர்கள் மகளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவளுக்கு ஒரு தம்பி, அப்போதுதான் நடக்கப் பழகியவன். இரண்டு வீட்டுப் புறக்கடைக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர். அதில் ஓரிடம் சரிந்து ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. யாரும் அதை அடைக்கவில்லை. குடமும் குழந்தைகளும் கறிவேப்பிலையும் அந்தச் சந்து வழியாகத்தான் போய் வரும்.

சந்தைத் தாண்டினால் கிணறு. ஊரில் பாதிக் கிணறு உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பாயம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும். எந்தப் பாறைச் சந்து வழியாக வந்ததோ, சித்திரை வெயிலிலும் பல் கூசும். தெருவே அங்கேதான் குடிக்க எடுக்கும். சாயபு வீட்டுத் தண்ணீர் என்று ஒருத்தரும் முகம் சுளித்ததில்லை. நாக்குக்கு நல்லதாக இருந்தால் நம் ஆட்கள் எதையும் கேட்க மாட்டார்கள்.

கிணற்று ராட்டினம் மரத்தில் செய்தது. கயிறு ஓடினால் கிறீச்சிடும். இறைப்பது யார் என்று அந்தச் சத்தத்தை வைத்தே அம்மா சொல்லிவிடுவாள். விட்டு விட்டுக் கத்தினால் எதிர்வீட்டு அத்தை. ஒரே இழுப்பாகக் கத்தினால் என் சினேகிதி. அவள் வாளியை இழுத்து மேடையில் வைப்பாள். நான் குனிந்து இரண்டு கையையும் ஏந்துவேன். அவள் சாய்ப்பாள். பாதியில் நிறுத்திவிட்டு, "போதுமாடி?" என்பாள். வாய் நிறையத் தண்ணீர் இருக்கும்போது எப்படிப் பதில் சொல்வது? தலையை ஆட்டுவேன். மறுபடி ஊற்றுவாள். மூக்கில் ஏறும். பாவாடை நனையும். அவளுக்கு அதுதான் வேண்டும்.

அந்தச் சுவையை எழுத எனக்குத் தெரியவில்லை. படித்தவர்கள் எழுதட்டும்.

*

நாங்கள் ஆறாவது முடித்த கோடை அது. மலை பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் ஊர் மேல் துப்பும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது புரியும். விளக்கு வைத்த பிறகும் சுவரில் கை வைக்க முடியாது.

நாங்கள் இருவரும் வீட்டில் தங்குவதே இல்லை. பாய் கடையில் ஒரு சின்ன சைக்கிள் உண்டு, சீட் கிழிந்து பஞ்சு தெரியும். யாரும் வாடகைக்குக் கேட்காத மத்தியானத்தில் அது எங்களுக்கு. அவள் ஓட்ட, நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவேன். பிறகு நான் ஓட்ட, அவள் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கையை விட்டுவிடுவாள். நான் கோயில் மதில் ஓரமாக விழுந்தேன். முட்டி பிளந்தது. "நீ ஓட்டுனது ஜாஸ்தி, உழுந்தது கம்மி. போதும், கத்துக்கின" என்றாள். இன்றும் தழும்பு இருக்கிறது.

ஊர் மாறத் தொடங்கிய வருஷங்கள் அவை. எங்கள் தெருக் கோடியில் ஒரு கம்புக் கொல்லை இருந்தது. அதுவும் அதைத் தாண்டிய ஓடையும்தான் தெருப் பெண்களுக்குக் கக்கூஸ். இதைச் சொல்லத்தான் உங்களுக்கெல்லாம் வாய் கூசுகிறது. விடியும் முன்னே அம்மாவும் அக்காவும் சொம்பை எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் கொல்லையை மனை போட்டுக் கல் நட்டார்கள். கம்பம் நட்டு விளக்குப் போட்டார்கள். ஊர் வளர்ந்துவிட்டது என்று ஆண்களுக்குச் சந்தோஷம். பெண்கள் ஓடையையும் தாண்டி நடந்தார்கள். அக்கா வயதுக்கு வந்தவள். அவள் போகும்போது லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தான். அம்மா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டாள். சாப்பிட்டால்தானே போக வேண்டும்.

அதனால் அந்தக் கோடையில் அப்பா கக்கூஸ் கட்டுவது என்று முடிவு செய்தபோது எங்கள் வீட்டில் தீபாவளி.

*

அப்பா பஸ் டிப்போவில் ஃபோர்மேன். எஞ்சின் சத்தம் கேட்டே எந்த போல்ட் லூஸ் என்று சொல்வார். மலை விஷயத்தில் அந்த மூளை வேலை செய்யாது. எங்கள் வீட்டில் மலைப் பக்கம் கால் நீட்டிப் படுக்கக் கூடாது. மலையைப் பார்த்துத் துப்பக் கூடாது. தூக்கத்தில் நான் புரண்டு கால் மேற்கே போனால் எழுப்பித் திருப்பிப் போடுவார்.

வீடு கிழக்குப் பார்த்தது. புறக்கடை மேற்கே. புறக்கடைக் கதவைத் திறந்தால் மலை. நீளமான இடம், கடைசியில் முருங்கை மரமும் குப்பையும்தான். கொத்தனார் நேராகக் கடைசிக்குப் போய்க் காலால் கோடு கிழித்தார்.

"அங்க வேணாம்" என்றார் அப்பா.

"ஏங்க? வூட்டுக்கு வாசனை வராது. எடம் நெறைய கீது."

"அந்தப் பக்கம் மலை."

"வடக்கு தெக்கா உக்கார்ற மாதிரி போட்டுடலாங்க. மலையைப் பாக்காது."

"உக்கார்றது எப்படியோ இருக்கட்டும்ப்பா. நம்ம வூட்டுக்கும் மலைக்கும் நடுவுல அது நிக்கலாமா? காலையில கதவைத் திறந்தா நான் மலையைக் கும்புடறதா, கக்கூஸைக் கும்புடறதா?"

கொத்தனார் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. புறக்கடையை மேலும் கீழும் நடந்து பார்த்தார். மலையை மறைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: தெற்குச் சுவர் ஓரம், சந்துக்குப் பக்கத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் கிணறு.

அண்டை வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் அல்லவா? கேட்டார். அதையும் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் சுவர் ஓரம் நின்று பாயைக் கூப்பிட்டார். பாய் கையில் கிரீஸோடு வந்தார்.

"பாய், மலைக்கு நேரா கட்ட மனசு வரல. உங்க செவுரு ஓரமா கட்டிக்கட்டுமா?"

"இதுக்குப் போய் கேக்கணுமாண்ணே? மலை உங்களுக்கு மட்டுமா? நானே சைக்கிள்ல போறப்போ மலைப் பக்கம் எச்சி துப்ப மாட்டேன். தாராளமா கட்டுங்க."

பாயம்மா பின்னால் நின்றிருந்தாள். இடுப்பில் பிள்ளை. "கிணறு பக்கத்துல கீதே?" என்றாள்.

இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். "கிணறு எவ்ளோ ஆழம், குழி எவ்ளோ ஆழம்! நடுவுல பூமி இல்ல?" என்றார் அப்பா. "அவளுக்கு எல்லாத்துக்கும் பயம்ண்ணே" என்றார் பாய்.

பாயம்மா என் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவுக்கும் அந்தக் கேள்வி இருந்திருக்கும். கேட்டால் கக்கூஸ் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்திருக்கும். அம்மாவை மட்டும் என்னால் திட்ட முடியவில்லை.

*

அந்த நாட்களின் சந்தோஷத்தை மறைக்கவும் எனக்குத் தெரியாது. மணல் வந்து இறங்கியது. ஆற்று மணலில் கை விட்டால் உள்ளே சில்லென்று இருக்கும். சின்னச் சின்னச் சிப்பிகள் கிடைக்கும். அவள் பொறுக்கியதெல்லாம் முழுசு, என்னுடையதெல்லாம் உடைசல். எனக்கு நாலு முழுச் சிப்பி கொடுத்துவிட்டு, ஒரு சிப்பிக்கு ஒரு கணக்கு வீட்டுப்பாடம் எழுதித் தரணும் என்று சத்தியம் வாங்கினாள். சிமெண்ட் காலி மூட்டைக் காகிதத்தைத் தட்டி, ஏழாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட எடுத்து வைத்தோம். செங்கல்லுக்கும் பூச்சுக்கும் தண்ணீர் விடுவது எங்கள் வேலை. அவள் இறைப்பாள், நான் சந்து வழியாக வாங்கி ஊற்றுவேன். வெந்த செங்கல் தண்ணீரைக் குடிக்கும்போது ஒரு சத்தம் வரும், மாடு உறிஞ்சுகிற மாதிரி. ஒரு மண் வாசனை வரும். எங்காவது வீடு கட்டுகிறார்கள் என்றால் இன்றும் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

குழி வெட்டும்போது பாறை வந்தது. வெடித்த பாறை, இடுக்கு இடுக்காக இருந்தது. அப்போது சிமெண்டுக்கு பர்மிட் வாங்கி அலைய வேண்டும். "அடியில பூச வேணாம். தண்ணி பாறையில எறங்கிடும், குழி ரொம்பாது. சிமெண்டும் மிச்சம்" என்று அப்பா சொல்ல, கொத்தனாரும் ஆமாம் போட்டார்.

சோதித்துப் பார்த்தார்கள். நாங்கள்தான் ஊற்றினோம். குடம் குடமாக ஊற்ற ஊற்றத் தண்ணீர் நிற்கவே இல்லை. பாறை இடுக்கில் போய் மறைந்தது. "பாத்தியா! அருமையான குழி!" என்று அப்பா கைதட்டினார். நாங்களும் கைதட்டினோம்.

அவள் குழிக்குள் எட்டிப் பார்த்து, "எங்க கிணத்துத் தண்ணின்னா உங்க குழிக்குக் கூட இனிக்குதுடி" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். தண்ணீர் எங்கே போகிறது என்று அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

வேலை முடிந்த நாள் அம்மா கக்கூஸ் கதவுக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தாள். வாசலில் சின்னதாக ஒரு கோலமும் போட்டாள். சந்தில் தலை நீட்டிய என் சினேகிதி கத்தினாள்: "அம்மா, இங்க வந்து பாரேன்! கக்கூசுக்குப் பொட்டு வெச்சிருக்காங்க!" பாயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அன்று ராத்திரி அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் பார்த்தேன்.

*

பத்து நாளோ பதினைந்து நாளோ. ஒரு கோடை மழை வந்தது. இடியும் காற்றும், ஓட்டில் ஆலங்கட்டி. மறுநாள் மலை கழுவி விட்ட மாதிரி நின்றது. அதற்கு இரண்டு நாள் கழித்து நான் கை ஏந்திக் குடிக்கும்போது துப்பிவிட்டேன்.

"இன்னாடி?" என்றாள்.

"தெரியல. மோந்து பாரு."

அவள் மோந்தாள். வாளியைக் கொட்டினாள். இன்னொரு வாளி இழுத்தாள். அதையும் கொட்டினாள். மழைத் தண்ணீர் கலங்கல் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்த வாரத்திலேயே அவள் தம்பிக்கு வாந்தியும் பேதியும். துணி மாதிரி தோளில் தொங்கினான். பெரியாஸ்பத்திரியில் சேர்த்துக் கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தண்ணீரால்தான் வந்தது என்று டாக்டர் சொன்னார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். கிணறு பிழைக்கவில்லை.

எதிர்வீட்டு அத்தைதான் முதலில் ஆரம்பித்தாள். எங்கள் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "கிணத்தடியிலேயே கறி கழுவறாங்க. பின்ன தண்ணி எப்படி இருக்கும்? நாமதான் புத்தி இல்லாம இத்தினி நாளா குடிச்சோம்." முந்தின வாரம் வரை நாள் தவறாமல் குடம் தூக்கிக்கொண்டு போனவள். தெரு அவள் பேச்சைப் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் திடீரென்று அது சாயபு வீட்டுக் கிணறு என்று ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா அங்கேதான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பாய் வந்தார். சந்து வழியாக வரவில்லை, தெரு வழியாக வந்து வாசலில் நின்றார்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. மூடியைத் தொறந்து ஒரு தபா பாத்துடலாமா? குழியைப் பின்னாடி மாத்தறதுன்னா செலவுல பாதி நான் தரேன்."

"பின்னாடின்னா? மலைக்கு நேராவா?"

"மலை கோச்சுக்காதுண்ணே. தண்ணி கெட்டுப் போச்சு."

"மலைக்குப் பயந்து கட்டினது பாய் இது. இதுல இருந்து கெடுதல் வராது. உங்க வூட்ல என்ன கழுவறீங்களோ, அதைப் பாருங்க."

பாய் முகம் எப்படிப் போனது என்று நான் பார்த்தேன். அவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே படி இறங்கினார்.

என் சினேகிதி சுவர் ஓரம் என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்கப்பா கிட்ட நீ சொல்லுடி. நீ சொன்னா கேப்பாரு. எங்கம்மா, இந்தத் தண்ணி இல்லன்னா இங்க இருக்க மாட்டேங்குது. தாத்தா ஊருக்கே போயிடலாம்னு அழுவுது."

சொன்னேன். அப்பா சாப்பிடும்போது எதிரில் நின்று சொன்னேன். "நம்ம குழித் தண்ணிதாம்ப்பா அங்க போவுது. நாங்கதானே ஊத்தினோம், நிக்கவே இல்லையே." எச்சில் கையாலேயே ஓர் அறை விட்டார். கன்னத்தில் ரசம் எரிந்தது.

இப்போது ஒன்று உறைக்கிறது. தண்ணீர் நாறிய மறுநாளிலிருந்தே அப்பா டிப்போ குழாயில் பிடித்து, சைக்கிளில் கேன் கட்டி எங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்தார். காரணம் தெரியாதவர் எதற்கு அவ்வளவு சீக்கிரம் கேன் கட்டினார்? கறி கழுவின தண்ணீர் என்று நம்பியிருந்தால் தன் தலையில் அடித்துக்கொண்டு ஊருக்கே கத்தியிருப்பார். அவருக்குத் தெரியும். எஞ்சின் சத்தம் கேட்டு போல்ட்டைச் சொல்கிறவருக்கு இது தெரியாதா?

அறை வாங்கிய அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. விடியும் முன்னே எழுந்து சொம்பை எடுத்தாள். அக்காவை எழுப்பினாள். என்னையும் எழுப்பினாள்.

"எங்க போற?" என்றார் அப்பா, படுக்கையிலிருந்து.

"கொல்லைக்கு."

"அதான் வூட்லயே கீதே."

"அது உங்களுக்கு" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. மனைக் கற்களையும் விளக்குக் கம்பத்தையும் தாண்டி, ஓடையையும் தாண்டி, மூன்று பேரும் நடந்தோம். அதற்குப் பிறகு அந்தக் கக்கூஸை என் அப்பா ஒருவர்தான் உபயோகித்தார். மலையைப் பார்க்காமல் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்தார். வீம்பு பிடித்தவர். மாற்றவே இல்லை. மிச்சமிருந்த செங்கல்லை வைத்துச் சந்தை அடைத்தார்.

*

பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். கிணற்று வாயைக் கடப்பைக் கல்லால் மூடினார் பாய். வாடகை லாரியில் சாமான் ஏறியது. அவள் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தாள், மடியில் ராட்டினம். பழைய கயிறு அதிலேயே சுற்றியிருந்தது.

"அங்க கிணறு இருக்குதா?" என்று கேட்டேன்.

"கொழாதான்."

"அப்ப ராட்டினம் எதுக்கு?"

"எங்களோடது. எடுத்துக்கினு போறோம்."

லாரி கிளம்பும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே மலையைப் பார்த்தாள். அதுவரை அவளும் நம்ம மலை என்றுதான் சொல்வாள். "உங்க மலையைப் பத்திரமா பாத்துக்குங்கடி" என்றாள். பாயம்மா அவள் தொடையில் கிள்ளினாள். அப்படியும் அவள் அழவில்லை. ஏழாம் வகுப்பில் அவளுக்காக நான் எழுத வேண்டிய நாலு வீட்டுப்பாடம் பாக்கி. சிப்பிகள் என்னோடு மூன்று வீடு மாறின. பிறகு எங்கோ தொலைந்தன. அவளைப் பற்றி ஒரு சேதியும் கிடைத்ததில்லை.

போன மாதம் ஒரு சாவுக்காக ஊருக்குப் போனேன். எங்கள் வீடும் பாய் வீடும் சேர்த்து ஒரே லாட்ஜாக நிற்கிறது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்கு அறை. பின்பக்கத் தெருவுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். மாடிக்கு மாடி வரிசையாகப் பாத்ரூம் ஜன்னல்கள், இறங்கும் குழாய்கள், சுற்றும் மின்விசிறிகள். அத்தனையும் மலையைப் பார்த்து. மலை ஒன்றும் ஆகாமல் நின்றுகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நடுரோட்டில் நின்று சத்தமாகச் சிரித்தேன்.

கிணறு இருந்த இடம் கார் நிறுத்துமிடம். அங்கே போய் நின்றேன். காலால் தட்டினேன், சிமெண்ட்.

"இன்னாம்மா, மயக்கமா?" என்று வாட்ச்மேன் ஓடி வந்தான். பேரன் வயசுப் பையன். "தண்ணி குடிங்க. சீல் பிரிக்காத பாட்டிலுங்க" என்று திருகித் திறந்து நீட்டினான்.

பாட்டிலை வாங்காமல் நான் குனிந்து இரண்டு கையையும் ஏந்தினேன். அவனுக்குப் புரியவில்லை. பிறகு, வயதானவள் ஏதோ செய்கிறாள் என்று சாய்த்து ஊற்றினான். ஒரு ருசியும் இல்லாத தண்ணீர். விரலிடுக்கில் ஒழுகிப் புடவை நனைந்தது.

பாதியில் நிறுத்தி, "போதுங்களாம்மா?" என்றான்.

வாய் நிறையத் தண்ணீர். தலையை ஆட்டினேன்.